கொடி யாருடைய சொத்து?

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பரம சாது, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். பழம்பொருள் சேர்ப்பது ஒன்றுதான் அவரிடம் உள்ள கெட்ட பழக்கம். ஆடித் தபசு பார்க்கப் போயிருந்த என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டுக் கொடி. கம்பெனிக் காலத்துப் பட்டாளக் கொடியாம். முழுக்க முழுக்கக் கைத்தையலாம்.

"எந்தப் பட்டாளம், அண்ணாச்சி?"

"வித்தவனுக்கே தெரியலை. அந்த ஓட்டையைப் பாருங்க, குண்டு பாய்ஞ்சதாத்தான் இருக்கும்!"

பார்த்தேன். குண்டோ, அந்துப் பூச்சியோ, நான் கண்டேனா? ஆனால் ஓட்டையின் ஓரத்தில் யாரோ வேறு நூலால் பொறுமையாக இழையோட்டியிருந்தார்கள். அந்தக் கையைப் பற்றி நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைத்தையல் என்பதில் அதிசயமும் இல்லை. 1850-ஐ ஒட்டித் தையல் இயந்திரம் பரவுகிற வரையில் எல்லாக் கொடியும் கைத்தையல்தான்.

அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். போர்க்களத்துக்குப் போன கொடியைத் தனி மனிதன் விலைக்கு வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்வது தவறு.

அதைச் சுமந்தவனுக்கே அது சொந்தமில்லையே! 1922-ல் அயர்லாந்துப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் சென்னையில் கம்பெனியின் ஐரோப்பியப் பட்டாளமாகப் பிறந்து, பிற்காலத்தில் டப்ளின் பெயர் பெற்றது. அவர்களுடைய கொடிகளை எந்தத் தளபதியும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. விண்ட்ஸர் கோட்டையில் அரசரிடம் ஒப்படைத்தார்கள். நாம் குடியரசான 1950-ல், நம் பட்டாளங்கள் அதுவரை சுமந்த மன்னர் கொடிகளை டேராடூன் ராணுவக் கழக மண்டபத்தில் மரியாதையுடன் வைத்தார்கள். உயிரைக் கொடுத்தவனுக்கு இல்லாத பாத்தியதை, பணத்தைக் கொடுத்தவனுக்கு எங்கிருந்து வந்தது?

பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் டார்ல்டன் என்ற ஆங்கிலேயத் தளபதி பிடித்துச் சென்ற நான்கு கொடிகள் 2006-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. போன விலை 1 கோடியே 74 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 80 கோடி ரூபாய். தைத்தவர் யார் என்பதற்காகவா அந்த விலை? யார் பிடித்தார், எந்தக் களத்தில் பிடித்தார் என்பதற்காக! தோற்றவனுடைய ரத்தத்துக்கு விலை போடுகிற வியாபாரம் இது.

"நான் வாங்கலைன்னா இது கரித்துணியாப் போயிருக்கும்" என்றார் நண்பர். நியாயந்தான். அலட்சியத்திலிருந்து எத்தனையோ பொருளைக் காப்பாற்றியவர்கள் இந்தச் சேகரிப்பாளர்களே. ஆனால், கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கியவன் பெற்றவளிடம் கொடுக்க வேண்டும். தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? அதுவும் அவர் காப்பாற்றுகிற லட்சணம் என்ன? மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார். மாலை வெயில் நேரே விழுகிறது. வெளிச்சம் பட்டுக்குச் சத்துரு. இழை இற்றுப் பொடிப் பொடியாக உதிரும். சட்டத்தின் அடியில் இப்போதே ஒரு சிட்டிகைத் தூசி சேர்ந்திருக்கிறது. அது தூசி அல்ல, கொடி.

"சர்க்கார்கிட்டே கொடுத்தா கரையான் தின்னாதா?" என்று அடுத்த கேள்வி. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி காலை 5 மணி 5 நிமிஷத்துக்குக் கோட்டையில் ஏறிய மூவர்ணக் கொடி, 12 அடிக்கு 8 அடிப் பட்டு, அங்கே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. 2013 குடியரசு தினத்திலிருந்து ஜனங்கள் வரிசையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எல்லா அருங்காட்சியகமும் இப்படி என்று நான் சத்தியம் செய்யவில்லை. கரையான் வந்தால் சர்க்காரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அண்ணாச்சி வீட்டுக் கூடத்தைப் பற்றி யார் கேட்பது?

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணம் உண்டு. பக்கத்து நெற்கட்டான்செவலில்தான் பூலித்தேவர் 1755-ல் கர்னல் ஹெரானை எதிர்த்து நின்றார். 1761-ல் யூசுப்கான் அவர் கோட்டைகளைப் பிடித்தான். கைதியாக வந்த தேவர் இந்தக் கோவிலுக்குள் சாமி கும்பிடப் போய் மறைந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை; அவர் பெயரால் உள்ளே ஓர் அறையே இருக்கிறது. நாளைக்கே அவர் படையின் கொடி ஒன்று எவன் வீட்டுப் பரணிலிருந்தாவது கிடைத்தால் எங்கே போகும்? நூறு வருஷப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாதென்று 1972-ல் சட்டம் போட்டாகிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகாது, சரி. இன்னொரு அண்ணாச்சியின் மேற்கு ஜன்னலுக்கு எதிரே போகாதென்று என்ன நிச்சயம்?

கோமதியம்மன் சந்நிதிக் கொடியேற்றத்துக்கு ஊரே கூடுகிறது. அந்தக் கொடியை யாராவது விலை கேட்டதுண்டா? கேட்க நாக்குக் கூசும். அந்தக் கூச்சம் பட்டாளக் கொடிக்கும் வேண்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

நண்பர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த தபசுக்குப் போவேன். அப்போதும் அந்தச் சட்டம் அதே சுவரில் இருந்தால், அவர் வீட்டுக் காப்பி எனக்கு வேண்டாம்.