பெயர் பொறித்த கல்லும் பெயரில்லாக் கூடையும்

ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள் அணுகியதும், மாநகர்களின் அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் மகளிர் கலைக்காட்சிகளைத் திறந்து வைக்கின்றன. விளக்கேற்றுகின்றனர், பொன்னாடை போர்த்துகின்றனர், பெண்மை வாழ்கவென முழங்குகின்றனர். சின்னாளில் காட்சி முடிகிறது. ஓவியங்கள் சுவரினின்று இறக்கப்பெறுகின்றன. கூடம் பழைய நிலையை எய்துகிறது. இத்தகு காட்சிகள் வேண்டா என்று யாம் கூறவில்லை. வேண்டும், இன்னும் மிகுதியாகவே வேண்டும். ஆனால், சில நாள் விழாவால் தீரும் கடனன்று இது. படைத்தவளின் பெயர் அவள் படைப்பின் அருகே என்றும் நிலைத்து நிற்றல் வேண்டும். அதுவே உண்மையான சிறப்பு.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் 1768-இல் அரசக் கலைக்கழகம் நிறுவப்பெற்றபோது அதன் தொடக்க உறுப்பினருள் இருவர் பெண்டிர். அவர்க்குப் பின் இன்னொரு பெண் முழு உறுப்பினராக 1936 வரை காத்திருக்க நேர்ந்தது. 1989-இல் நியூயார்க்குக் கலைமகளிர் குழுவொன்று அந்நகர்ப் பேரருங்காட்சியகத்தில் தலையெண்ணிப் பார்த்தது. புதுக்காலக் கலைப் பகுதியில் இடம்பெற்ற கலைஞருள் பெண்டிர் நூற்றுக்கு ஐவரினும் குறைவு; ஆனால், அங்குள்ள ஆடையில்லா ஓவியங்களுள் நூற்றுக்கு 85 பெண்ணுருவங்கள்! வரையப்படுதற்குப் பெண் வேண்டும். வரைதற்கு வேண்டா என்பதன்றோ இதன் பொருள்?

இனி நம் சென்னைக்கு வருவோம். 1850-இல் தோன்றிய கலைப்பள்ளியும் 1851-இல் தோன்றிய அருங்காட்சியகமும் இந்நகரின் மூத்த கலைநிலையங்கள். அக்கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர் பத்மினி, பொன்னானிப் பகுதியினின்று வந்தவர். 1969-இல், முப்பது அகவையும் நிரம்பாத நிலையில், மகப்பேற்றின்போது மறைந்தார். 1966-இல் பணிக்கர் நிறுவிய சோழமண்டலக் கலைஞர் ஊரில் ஓவியர் அர்ணவாசும் சிற்பி அனிலா யாக்கோபும் ஆடவரோடு ஒப்ப நின்று உழைத்தனர். சென்னைக் கலையியக்கம் என்றதும் ஆடவர் பெயர்களை அடுக்கடுக்காய் ஒப்புவிப்போர், இவர்தம் பெயர்களை இறுதியிலேனும் சொல்வரோ? ஓவியர் இரவிவர்மாவைத் தென்னாட்டில் அறியாதார் அரியர். அவருடன் பிறந்த மங்களாபாயும் தூரிகை பிடித்தவரே என்பதை அறிந்தார் எத்துணையர்?

கல்லூரியிற் பயின்று வண்ணம் குழைத்தோர் நிலையே இதுவாயின், கல்லூரி வாயிலையே காணாத கலைமகளிர் நிலை யாது? எம் அத்திப்பட்டும் பழவேற்காடும் ஒரே பொன்னேரி வட்டத்து ஊர்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் துறைமுகத்தையும் கடந்து வடக்கே சென்றால், பழவேற்காட்டில் பனையோலை முடையும் பெண்டிரைக் காணலாம். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஓரகலமாய்க் கீறி, சாயமேற்றி, மேலொன்று கீழொன்றாய் எண்ணி முடைகின்றனர். வரைதாளும் அளவுகோலும் இல்லை. வடிவம் முழுவதும் உள்ளத்திலேயே உள்ளது. ஓரிழை பிழைத்தாலும் கோலம் சிதையும். இஃது ஓவியமன்றென எவ்வாறு கூறுவது? ஆயினும், அக்கூடையைக் கண்ணாடிப் பேழையுள் வைத்தால் அதன்கீழ் என்ன எழுதுவர்? 'பனையோலைக் கூடை' என்று எழுதுவர். மிஞ்சினால் ஊர்ப்பெயர் சேர்ப்பர். பத்தமடைப் பாய்க்கும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது, மகிழ்ச்சியே. ஊரின் பெயர் காக்கப்பெற்றது. பாய் நெய்தவள், கொட்டான் முடைந்தவள் பெயர்?

'செப்புத் திருமேனிகளை வார்த்த ஆடவர் பெயரும் தெரியவில்லையே. பெண்ணுக்கு மட்டுமா இக்குறை?' என வினவுவாரும் உளர். முறையான வினாவே. ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த சிற்பியை இன்று நாம் எங்கே தேடிப் பெயர் கேட்பது? ஆனால், கூடை முடைந்தவள் உயிரோடிருக்கின்றாள். பேருந்தேறிச் சென்றால் அவள் திண்ணையில் அமர்ந்தே கேட்கலாம். அறியவியலாத பெயர் வேறு. கேட்க மனமில்லாத பெயர் வேறு. முன்னது காலத்தின் குறை. பின்னது நம் குற்றம்.

பெயர் பொறிக்கும் பண்பு நமக்குப் புதியதுமன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவரில், தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர் பெயரையும் தனித்தனியே வெட்டுவித்தான் இராசராசன். எந்தச் சிறகில், எத்தனையாம் வீட்டில் வாழ்பவள், எவ்வூர்த் தளியினின்று வந்தவள் என்பதுவரை அக்கல் கூறுகின்றது. பெண்டிரைக் கோயிலுக்கு உரியராக்கிய அம்முறையை நாம் போற்றவில்லை. ஆனால், ஆடியும் பாடியும் கலை வளர்த்தவளுக்குப் பெயருண்டு என்பதை அக்காலம் மறுக்கவில்லை. அதற்கும் முன்னே, கரிகாலன் காலத்து வெண்ணிப் போரைப் பாடிய புலவர் வெண்ணிக் குயத்தியார் என்றே புறநானூற்றில் விளங்குகின்றார். மண் வனையும் தொழில் அவர் பெயரோடு பெருமையாய் இணைந்து நிற்கின்றது. உளியால் கல்லில் நானூறு பெயர் வெட்டிய இனத்திற்கு, அச்சுப்பொறி வாய்த்த இக்காலத்தில் ஒரு சிறு அட்டையில் ஒரு பெயர் எழுதக் கை வரவில்லையா?

மற்றொன்றும் உண்டு. மாநகர்க் கலைக்காட்சிகள் பலவற்றின் அழைப்பும் கையேடும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. கூடை முடைந்த தாய் தன் படைப்பைக் காணவந்தால், அதுபற்றி எழுதியதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டல் வேண்டுமா? தமிழ்மண்ணின் கலையைத் தமிழ் நாவினர்க்கு எட்டாமல் விளக்குவது எவர்க்காக?

எனவே, நாம் கேட்பன இவை: மகளிர் கலைக்காட்சி நடத்தும் ஒவ்வோர் அருங்காட்சியகமும், காட்சி முடிவில் ஒரு படைப்பையேனும் உரிய விலை கொடுத்துப் பெற்று நிலையான கூடத்தில் வைத்தல் வேண்டும். பாய், கூடை, பூத்தையல், மட்கலம் எதுவாயினும், படைத்தவர் வாழ்கின்றாராயின் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுதல் வேண்டும். எழுதுவதைத் தமிழில் முதலில் எழுதுதல் வேண்டும்.

அரசையும் அலுவலரையும் மட்டும் நோக்கிக் கைநீட்டி நில்லாமல், நம் கையில் உள்ளதையும் செய்வோம். எம்போன்ற ஆசிரியர்கள் மாணவரை எழும்பூருக்கு அழைத்துச் செல்கிறோம்; அதற்கு முன் அவரவர் தெருவுக்கு அனுப்புவோம். கோலமிடுவோர், ஓலை முடைவோர், பாய் பின்னுவோர், பானை வனைவோர் பெயர்களை ஒவ்வொரு பள்ளியும் ஒரு குறிப்பேட்டில் தொகுக்கட்டும். அதற்குப் பெருஞ்செலவில்லை; ஆணையும் வேண்டா. 'அம்மா, இதைச் செய்த உங்கள் பெயர் என்ன?' என்று கேட்க நாவொன்று போதும். அந்த வினாவைத் தமிழர் கேட்கத் தொடங்கட்டும். விடையை அருங்காட்சியகங்கள் எழுதியே தீரும்.