சீனச் சிறுவரும் பாட்டி பாஷையும்

சிங்கப்பூரில் பள்ளிச் சிறுவர்களைச் சீனர்களின் புராதன ஸ்தலங்களுக்கு அழைத்துச் செல்வதும், தூரிகை எழுத்து, காகிதச் சித்திரம், சிங்க நடனம் ஆகியவற்றைப் பழக்குவதும் வழக்கமாகியிருக்கின்றன. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். தெலுக் ஆயர் தெருவிலுள்ள தியான் ஹொக் கெங் ஆலயத்தை நேரில் காண்பது பத்துப் பாடங்களுக்குச் சமம். கடல் கடந்து பத்திரமாகக் கரையேறிய ஹொக்கியன் மக்கள், கடல் தெய்வமான மாஜுவுக்கு நன்றி செலுத்த 1839 முதல் 1842 வரை எழுப்பிய கோயில் அது. அன்று அதன் எதிரே கடல் இருந்தது. பின்னர் அது தூர்க்கப்பட்டுத் தரையாயிற்று.

ஆனால் ஒரு கேள்வி. அக்கோயிலை எழுப்பியோரின் பாஷை அச்சிறுவர்களுக்குத் தெரியுமா? 1979-ல் சர்க்கார் 'மாண்டரின் பேசுக' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பல மொழி பேசிய சீனரை ஒரே மொழியால் இணைப்பதே நோக்கம் என்றனர். விளைவு யாது? 2020 ஜனக்கணக்கின்படி, வீட்டில் ஹொக்கியன் முதலிய மொழிகளைப் பிரதானமாகப் பேசுவோர் 8.7 சதவீதமே, ஆங்கிலம் பேசுவோரோ 48.3 சதவீதம். பேரனோடு பேசப் பாட்டிக்குப் பாஷையில்லாத வீடுகள் உண்டாயின. இரண்டு மணி நேரப் பயிற்சி இந்நஷ்டத்தை ஈடு செய்யுமா?

நமது யோசனை இது: சிறுவர்களோடு முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். கோயிலின் கதையை அவர்கள் ஹொக்கியனிலேயே சொல்லட்டும். சிறுவர் பத்து வார்த்தைகளேனும் கற்றுத் திரும்பட்டும்.

தமிழர்களே, இது பிறர் விஷயமென்று எண்ணற்க! அந்நகரில் வீட்டில் தமிழைப் பிரதானமாகப் பேசுவோர் 2010-ல் 3.3 சதவீதம், 2020-ல் 2.5 சதவீதம். வீட்டில் மடிந்த மொழியை விழாக்கள் உயிர்ப்பிக்க மாட்டா.