பதினோராம் வசனத்துக்கு முன்னால் பத்து வசனங்கள் இருக்கின்றன, பாஸ்டர்

தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் கூட்டம் முடிந்து கலைகிறவர்களின் கையில் திணிக்கப்பட்ட பிரசுரம் ஒன்று என் கைக்கும் வந்து சேர்ந்தது. எழுதியவர் ஒரு பாஸ்டர். பெயர் வேண்டாம், வாதம் போதும். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்தக் காலத்தில் எழுதியது என்று வேதத்தைக் குடைந்துகொண்டிருப்பது இறையியல் கல்லூரிக்காரர்கள் மேல்நாட்டிலிருந்து இறக்கிய சரக்காம்; ஆவியானவர் நேரடியாகப் பேசும்போது ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கிறார். கேட்ட கையோடு அதே தாளில் மூன்று வசனங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் விளக்கமும் எழுதியிருக்கிறார். ஆவியானவர் நேரடியாகப் பேசுகிறார் என்றால் நடுவில் இவருக்கு என்ன வேலை?

முதலில் அந்த 'மேல்நாட்டுச் சரக்கு'. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போதே கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று எண்ணிவைத்துவிட்டது. இவற்றைக் கேட்காமல் அகப்பாட்டின் ஒரு வரிக்குப் பொருள் சொன்னவனை எந்தத் தமிழாசிரியர் சும்மா விட்டிருக்கிறார்? தோழி சொன்னதைத் தலைவி வாயில் போட்டால் பாட்டே பாழ் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாலபாடம். குறுந்தொகைக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைக்கூட எரேமியாவுக்குக் கொடுக்காதவர், வேதத்தின் காவலர் என்று வேறு தன்னைச் சொல்லிக்கொள்கிறார்.

இறக்குமதிப் பேச்சை எடுத்தவர் தன் கிடங்கையும் திறந்து காட்டட்டும். யோவானின் மூன்றாம் நிருபத்து 2ஆம் வசனத்தை, விசுவாசிக்கு ஆண்டவர் எழுதிக்கொடுத்த செல்வப் பத்திரமாக வாசிக்கிறாரே, அது எந்த ஊர் வாசிப்பு? அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற ஊழியர் 1947இல் கண்டெடுத்துப் பரப்பியது. 'விதைக் காணிக்கை'க் கணக்கும் அவர் பெயரோடு வளர்ந்ததுதான். 80 லட்சம் டாலர் சேராவிட்டால் ஆண்டவர் தன்னை அழைத்துக்கொள்வார் என்று 1987இல் ஊரைக் கலங்கடித்தவரும் அவரே. செராம்பூரில் இறையியல் பட்டம் வாங்கினால் அந்நியம், ராபர்ட்ஸின் டல்சாவிலிருந்து வந்தால் அபிஷேகமா? அந்த வசனமோ காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் நலவிசாரிப்பு. 'நலம், நலமறிய அவா' என்று நம் வீட்டுக் கடிதங்கள் தொடங்குமே, அந்த இடம், அந்த வேலை. அதைக் கொண்டுபோய் அடகு வைக்கச் சொல்கிறார் பாஸ்டர்.

அவருடைய தலைச்சரக்கு எரேமியா 29:11. வாட்ச் நைட் ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையாக, மாட்டுங்கா லேபர் கேம்ப் அறைகளில் மின்மீட்டருக்குப் பக்கத்தில் எண்ணெய்ப்புகை படிந்து ஒட்டியிருக்கும் வசனம். அதை தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தோடு முடிச்சுப் போட்டு, விசுவாசத்தோடு விதைத்தவனுக்கு இந்த ஆண்டே 350 சதுர அடி வீடு என்கிறார். தாராவிக்குள்ளேயே இலவச வீடு கிடைப்பது தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததைக் காகிதத்தால் நிரூபிப்பவருக்கு. மாடியில் வாடகைக்கு இருக்கிற விதவை, சர்வேக்காரரிடம் காணிக்கை ரசீதையா நீட்டுவாள்?

11க்கு முன்னால் 10 இருக்கிறது. பாபிலோனில் 70 ஆண்டு என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; அதை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண்மூடுவார்கள் என்பதுதான் அதன் பொருள். இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவரும் என்று ஜனங்களுக்கு இனிக்க இனிக்கப் பேசிய ஒருவனும் இருந்தான்; பெயர் அனனியா. ஜனங்களைப் பொய்யை நம்பவைத்தாய் என்று எரேமியா அவனைக் கண்டித்ததும், அதே ஆண்டில் அவன் இறந்ததும் முந்தின அதிகாரத்திலேயே இருக்கின்றன. நம் பாஸ்டர் எரேமியாவின் வரியை எடுத்து அனனியாவின் குரலில் வாசிக்கிறார்.

அவர் தாண்டிப்போன 5 முதல் 7 வரையான வசனங்கள்தான் எனக்கு ஆற்றாமை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த நகரத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள் என்று அகதிகளுக்குச் சொல்லும் பகுதி அது. அறுபதுகளில் 'மதராசி' என்று துரத்தப்பட்டும் பம்பாயை விட்டுப் போகாதவர்கள், 1976இல் நெருக்கடிநிலையின்போது ஜனதா காலனியை இடித்து ட்ராம்பே சதுப்பில் கொண்டுபோய்த் தள்ளியபின் செம்பூருக்கு அப்பால் சீத்தா கேம்ப்பை எழுப்பியவர்கள், இவர்களைவிட இந்தக் கடிதத்துக்கு உரிமைப்பட்டவர் யார்? முழுக்க வாசித்துக் காட்டினாலே போதும், விளக்கமே வேண்டாம். ஆனால் விளக்கம் வேண்டாமென்றால் விளக்குகிறவருக்குப் பிழைப்பு ஏது?

வசனம் காட்டிவிட்டால் எதிராளியின் வாய் அடைத்துவிடும் என்று நம்புகிறார். தேவாலயத்து உச்சியில் சாத்தானும் வசனம்தான் காட்டினான். 91ஆம் சங்கீதம், அதிலும் பாதி வரியை விழுங்கிவிட்டு. இயேசு உபாகமத்தைக் கொண்டு அதை மடக்கினார். வசனத்தை வசனத்தோடு ஒத்துப்பார் என்ற விதி செமினாரிகள் முளைப்பதற்கு முன்பே அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. அவரும் மேல்நாட்டுச் சரக்கா? ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டது தேடி எடுப்பதற்காக, நறுக்கி விற்பதற்காக அல்ல.

கடைசியில், எதிர்பார்த்தபடியே, மல்கியா 3:10. தசமபாகம். களஞ்சியத்தில் சேர்ந்த அந்தத் தானியத்தில் யாருக்கெல்லாம் பங்கு என்று உபாகமம் 14 சொல்கிறது: லேவியனோடு பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. லேவியனை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் வெளியே அனுப்பிவிட்டது பிரசுரம். மல்கியாவின் அதே அதிகாரத்தில் ஐந்தே வசனம் மேலே, கூலிக்காரனின் கூலியில் கைவைக்கிறவனுக்கு எதிராக ஆண்டவரே சாட்சியாக வந்து நிற்கிறார். தைத்துக் கொடுத்த தோல் பைகளுக்குக் கூலியை வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் பட்டறை முதலாளிகள் இருக்கிற ஊரில் பாஸ்டரின் கண்ணுக்கு ஐந்தாம் வசனம் மட்டும் தட்டுப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் காணிக்கைப் பை சுற்றி வருமுன் அதையும் ஒருமுறை மைக்கில் வாசிக்கட்டும். முன்வரிசையில் யார் யார் எழுந்து போகிறார்கள் என்று நாமும் பார்க்கலாம்.