தகப்பனாரின் இரட்டைக்குழல் துவக்கு

பேராதனைப் பக்கத்து வாசகி ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: “ஐயா, எங்கள் தகப்பனார் சென்ற ஆண்டு சிவபதம் எய்தினார். அவருடைய இரும்பு அலுமாரியில் பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், ஊருக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கியதாம். மூத்த அண்ணன் அதை விற்றுவிடலாம் என்கிறார். சின்ன அண்ணன், ஒரு வெடி வைத்துப் பார்த்துவிட்டுச் சுவரில் மாட்டலாம் என்கிறார். அம்மாவோ, அது வீட்டில் இருக்கும்வரை தமக்கு நித்திரை வராது என்கிறார். யார் சொல்வது சரி?”

அம்மாவே சரி என்று ஒரே வரியில் மறுமொழி எழுதிவிடலாம். ஆனால் இத்தகைய துவக்கு கண்டி மாநகரிலும் சுற்றுப்புறத்திலும் இன்னும் பல வீடுகளில் இருக்கும் ஆதலால், சற்று விரிவாகவே எழுதுவோம்.

துவக்கு என்ற சொல்லே நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்த சொல். துருக்கியர் ‘துஃபெக்’ என்றனர். நாம் துவக்கு என்கிறோம். சிங்களவர் துவக்குவ என்கின்றனர். மலைநாட்டுக்கு இந்த ஆயுதம் புதிதன்று. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் சொந்தமாகவே துவக்குகள் செய்தனர். மற்றைய நாடுகளின் துவக்குகளில் தீ மூட்டும் பொறி வலப்புறத்தில் இருக்க, சிங்களத் துவக்குகளில் அது இடப்புறத்தில் இருப்பது ஒரு விசேடம். 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கைப்பற்றியவற்றுள் ஆறு பொருள்களை நெதர்லாந்து அரசு 2023ஆம் ஆண்டில் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. லேவ்கே திசாவையின் அலங்காரப் பீரங்கியோடும் வாள்களோடும் இரண்டு துவக்குகளும் அவற்றில் அடங்கும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நிய மண்ணில் இருந்தும் அவை துருவேறி அழியாமல் வந்து சேர்ந்தன. பேணுவோர் கையில் இருந்தால் இரும்பும் மரமும் எத்தனை தலைமுறை நிற்கும் என்பதற்கு இது சான்று.

நமது வாசகியின் வீட்டுத் துவக்கு வேறு மரபைச் சேர்ந்தது. கோப்பியோடும் தேயிலையோடும் மலையேறி வந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டைகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். காடு வெறுமையாகிவிடுமோ என்ற கவலை துரைமாருக்கே பிறந்து, 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்றை அமைத்தனர். இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வழிவந்ததே. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளமிட்டது. 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் போயினர், அவர்களுடைய துவக்குகளிற் சில நின்றுவிட்டன.

இனி, துவக்கின் அமைப்பைப் பார்ப்போம். ‘பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு’ என்கிறோமே, அந்தப் பன்னிரண்டு யாது? ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு குண்டுகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று எந்தக் குழலினுள் அளவாகப் பொருந்துமோ அக்குழல் பன்னிரண்டாம் இலக்கம். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இருபதாம் இலக்கமென்றால் குண்டு சிறியது, குழலும் ஒடுங்கியது.

குழல்வாய் வழியே மருந்திட்டுக் கெட்டித்த காலம் போய், பின்புறம் மடித்துத் திறந்து தோட்டா இடும் முறையை 1830களில் பாரிஸ் நகரத்து லெஃபோஷோ என்பவர் வழக்குக்குக் கொண்டுவந்தார். அவருடைய துவக்கை 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியிற் கண்ட ஆங்கிலக் கம்மியர் அதைத் திருத்தி வளர்த்தனர். 1875இல் பர்மிங்காம் நகரத்து வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்னும் இருவர், வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிரைகளைப் பெட்டிக்குள் மறைத்து, குழலை மடிக்கும்போதே அவை நாணேறும்படி அமைத்தனர். இன்றும் இரட்டைக்குழல் துவக்குகளிற் பெரும்பாலானவற்றின் மூலவடிவம் அதுவே.

இரண்டு குழல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டுவது எளிய வேலையன்று. இரண்டின் சன்னங்களும் ஒரே இலக்கைச் சென்று சேரும்படி, கண்ணுக்குத் தெரியாத அளவு அவற்றைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். பொதுவாக முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் இயக்கும். கம்மியர் கைகளில் இருந்த இந்த நுட்பமே பழைய துவக்குகளைச் சேர்ப்போரை இழுக்கிறது.

நாம் கடிதத்திற்கு மறுமொழி எழுதுமுன், இவ்விஷயம் அறிந்த ஒருவரைக் கலந்துகொண்டோம். அவர் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர். துரைமாரின் துவக்குகளைத் துடைத்து எண்ணெயிட்டு வளர்ந்த கை அவருடையது. “எழுத்தில் எதற்கு? நேரே போய்ப் பார்ப்போம்” என்றார். மூத்த அண்ணன் ஏற்கெனவே பொலிஸ் நிலையத்தில் அறிவித்திருந்தார். தகப்பனாரின் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கையும் கொண்டுவருமாறு அவர்கள் நாளும் குறித்திருந்தனர். அதற்கு முந்திய நாள் நாங்கள் சென்றோம்.

அலுமாரியைத் திறந்ததும் சின்ன அண்ணன் ஆவலோடு கையை நீட்டினார். முதியவர் தடுத்தார். “தம்பி, சற்று விலகி நில்லும். எந்தத் துவக்கும் நிரம்பிய துவக்கு என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்” என்றார். “அது வெறுந்துவக்கு ஐயா. நேற்றுக்கூட விசையை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன்” என்றார் இளைஞர். முதியவர் மறுமொழி சொல்லவில்லை. குழல்வாயை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல், மேல்நெம்பைத் தள்ளிக் குழலை மடித்தார். வலக்குழல் வெறுமை. இடக்குழலில் பித்தளை அடியோடு ஒரு தோட்டா பளபளத்தது.

வீடு முழுவதும் மௌனமாயிற்று. சற்றுப் பொறுத்து அம்மாவே பேசினார். தகப்பனார் வைத்தியசாலைக்குப் போவதற்கு முந்திய வாரம், மரவள்ளிப் பாத்தியில் பன்றி புகுந்ததாம். இரவில் எழுந்து துவக்கை எடுத்தவர், பன்றி ஓடிவிட்டதென்று திரும்பி வந்து அப்படியே வைத்துவிட்டார் போலும். பின்னர் அவர் வீடு திரும்பவில்லை. அந்த ஓர் ஆண்டிலே பேரப்பிள்ளைகள் அந்த அலுமாரிக்குப் பின்னால் எத்தனை முறை ஒளித்து விளையாடினார்களோ!

முதியவர் தோட்டாவை வெளியே எடுத்து அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினார்: 70. பின்பு குழலின் அடியைக் காட்டினார். பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரைகள் அங்கே இருந்தன. அச்சோதனைச்சாலை 1813இல் நிறுவப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டுச் சுட்டுச் சோதித்த பின்னரே குழலுக்கு முத்திரை இடுவார்கள். இந்தக் குழலில் இருந்தவை கருமருந்துக்கு உரிய முத்திரைகள் மாத்திரமே. புகையில்லா மருந்துக்குச் சோதித்த அடையாளம் இல்லை. துணியால் துடைத்தபோது குழலின்மேல் பாம்புச் சட்டைபோல் சுருள்கோடுகள் தெரிந்தன. இரும்பும் உருக்கும் கலந்த நாடாக்களை முறுக்கி, ஒரு தண்டின்மேற் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய டமாஸ்கஸ் குழல் அது.

இங்கேதான் ஆபத்து. அக்காலத்து ஆங்கிலத் துவக்குகளின் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீற்றர் நீளமுடையது. இக்காலத்துத் தோட்டாவின் நீளம் 70 என்பது, வெடித்து வாய் விரிந்த பின்னருள்ள அளவு. மடித்த வாயோடு அது குட்டையாக இருப்பதால், பழைய அறையினுள் தடையின்றி நுழைந்துவிடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி உள்ளே அமுக்கம் ஏறும். அத்தோடு, புகையில்லா மருந்தின் வேகத்துக்கென அந்தக் குழல் செய்யப்படவும் இல்லை. சுருள்களின் ஒட்டுகளுக்குள்ளே துரு அரித்திருந்தால் வெளியே தெரியாது. குழல் பிளந்தால் முதலிற் போவது அதைத் தாங்கிய இடக்கை. “ஒரு வெடி வைத்துப் பார்க்கலாம்” என்ற சின்ன அண்ணன் தமது இடக்கையைப் பார்த்துக்கொண்டதை நாம் கண்டோம்.

இதைப் போன்றதே இன்னொரு விபத்து. இருபதாம் இலக்கத் தோட்டாவைத் தவறிப் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கில் இட்டால், அது வழுக்கி முன்னே சென்று குழலில் சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமை என்றெண்ணிப் பின்னால் சரியான தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இருபதாம் இலக்கத் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இதன் பொருட்டே ஏற்பட்டது.

முறையான அனுமதியோடு பழந்துவக்கைப் பேணுவோருக்கு முதியவர் சொன்ன குறிப்புகள் இவை. இரண்டு பருவமழைகளும் நனைக்கும் கண்டியில் துருவே முதற் பகை. தோலுறையில் துவக்கை நெடுநாள் வைக்கலாகாது. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். தேங்காயெண்ணெய் தடவுவது நம்மவர் வழக்கம், அது தவறு. நாள்பட்டால் அந்த எண்ணெய் காறி, புளிப்பேறும். வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்கினால் உறையவும் தொடங்கும். கண்டியின் இரவுகள் அதைவிடக் குளிர்ந்தவை ஆதலால் உள்ளே உள்ள விற்கள் பிசுக்கேறி மந்தமாகும். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயை, துணியில் தோய்த்து ஈரம் தெரியாத அளவுக்குப் பூசினாற் போதும். மிகுதியாக எண்ணெயிட்டு நிமிர்த்தி வைத்தால், அது வழிந்து வாதுமை மரப்பிடியின் கழுத்தில் ஊறி மரத்தை இளக்கிவிடும். ஆதலின் குழல்வாய் கீழ்நோக்கி இருக்க வைப்பது நன்று. மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் சில துளி எடுத்து, உள்ளங்கை சூடேறும்வரை தேய்க்க வேண்டும். கருமருந்து சுட்ட குழலின் கரி ஈரத்தை இழுக்கும். அதை வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே எண்ணெய் தொட வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. அனுமதி ஆளுக்குரியது, வீட்டுக்கோ பரம்பரைக்கோ உரியதன்று. தகப்பனார் கண்ணை மூடினால் பிள்ளைகள் தாமதியாது பொலிஸ் நிலையத்திலும் உரிய செயலகத்திலும் அறிவித்து, அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும். ‘பழம்பொருள்தானே’ என்று சுவரில் மாட்டுவது குற்றமாக முடியும். 1971 ஏப்பிரிலிலும் 1980களின் இறுதியிலும் வீடு வீடாகச் சென்று துவக்குகளைப் பறித்த கதைகள் கண்டிப் பகுதியில் மறக்கப்படவில்லை. துவக்குள்ள வீட்டைத் துவக்கு காப்பதிலும், துவக்குக்காக வீடு தாக்கப்படுவதே அந்நாட்களில் அதிகம் என்று முதியவர் சொன்னார். அவர் அக்காலத்தைக் கண்டவர்.

மறுநாட் காலை மூத்த அண்ணன் துவக்கையும் தோட்டாவையும் பத்திரத்தையும் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கிவந்தார். சின்ன அண்ணனும் கூடவே போயிருந்தார். புறப்படுமுன் அவர் முத்திரைகளையும் இலக்கங்களையும் ஒரு கொப்பியில் வரைந்து, குழலின் சுருள்கோடுகளைப் படமும் பிடித்துக்கொண்டாராம். பாட்டனார் வாங்கிய கதையை அதன் கீழ் எழுதப் போவதாக வாசகி நமக்கு இரண்டாம் கடிதத்தில் அறிவித்திருக்கிறார். சேகரிப்பவனுக்கு அதுவும் ஒரு சேகரிப்பே. அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை.

அம்மாவைப் பற்றியும் அதிலே ஒரு வரி இருந்தது. அன்றிரவு அவர் நன்றாக நித்திரை செய்தாராம்.