பெற்றோருக்கும் ஓர் ஆசனம்

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தால், "பையன் என்ன விஷமம் செய்தானோ!" என்றுதான் தாயார் பதறுகிறாள். நல்ல செய்தி சொல்வதற்கென்று பெற்றோரை அழைக்கும் வழக்கம் நம்மிடையே அபூர்வம். குற்றஞ்சாட்டுவதற்கு மட்டுமே திறக்கும் வாசலை யார்தாம் விரும்பி மிதிப்பார்கள்?

சட்டம் இவ்விஷயத்தில் தாராளமாகவே இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சர்க்கார் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தை வகுக்கவும், மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிக்கவும் அவர்களுக்கு அதிகாரமுண்டு.

ஆனால், கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால், கூலி வேலைக்குப் போகும் தாய் அன்றைய கூலியை இழந்தல்லவா வரவேண்டும்? வந்தாலும், நீட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பதோடு பல இடங்களில் அவள் அதிகாரம் தீர்ந்துவிடுகிறது. மாலையில் கூட்டுங்கள், உட்கார நாற்காலி கொடுங்கள், அவள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். பிள்ளை எதற்கு அஞ்சுகிறான், எதில் ஆசை கொள்கிறான் என்பதெல்லாம் நம் பதிவேட்டில் இல்லை, அவளிடம் இருக்கிறது.

"எழுத்தறியாத நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் தாய்மார் உண்டு. அம்மா, இரவில் அடுப்பங்கரையில் இருந்தபடியே, "இன்றைய பாடத்தைப் படித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். காது கொடுப்பதற்கு எழுத்து வேண்டியதில்லை. தடுமாறுகிறானா, பொருள் தெரிந்து சொல்கிறானா என்பது கேட்டாலே விளங்கும்.

சக உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இவ்வாரம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். அடுத்த முறை அழைக்கையில் பெற்றோர் அச்சமின்றி வருவார்கள்.