துணைப்பாடம் துணையாக மட்டும் இருக்கட்டும்

சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023ஆம் ஆண்டில் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. 2018ல் அது 1.4 பில்லியன் வெள்ளி. புள்ளிவிவரத் துறையின் குடும்பச் செலவு ஆய்வு தரும் கணக்கு இது.

இதே ஐந்தாண்டுகளில்தான் பள்ளிகளில் தேர்வுச் சுமை குறைக்கப்பட்டது. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் தேர்வுகள் 2019 முதல் இல்லை. பிஎஸ்எல்இ தேர்வில் டி-ஸ்கோர் முறை 2021ல் மாறியது. தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் முற்றிலும் நீக்கப்பட்டன. தேர்வுகள் குறைந்தும் துணைப்பாடச் செலவு ஏன் கூடுகிறது?

என் பார்வையில் இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இடையில் வரும் தேர்வுகள் குறைந்தாலும் இறுதித் தேர்வு அப்படியே இருக்கிறது. நடுவில் மதிப்பெண் தெரியாததால் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்ற கவலை பெற்றோருக்கு அதிகமாகிறது. அந்தக் கவலைக்குத் துணைப்பாட நிலையம் மாதிரித் தேர்வு வைத்துப் பதில் சொல்கிறது.

இரண்டாவது, தனிக் கவனம். பல்கலைக்கழகப் படிப்புக்கிடையே நான் உயர்நிலை மாணவர்களுக்கு வீட்டில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏறத்தாழ 40 பேர் உள்ள வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை ஒரு மாணவர் என்னிடம் தயங்காமல் கேட்கிறார். ஐந்து நிமிடத்தில் தெளிவு பிறக்கிறது. இன்னொருவரோ பள்ளியில் தந்த பயிற்சித்தாளைத் தொடுவதே இல்லை; நான் வரும்வரை காத்திருக்கிறார். முதலாமவருக்குத் துணைப்பாடம் ஊன்றுகோல். இரண்டாமவர் நடக்கவே முயல்வதில்லை.

செலவையும் ஒப்பிட வேண்டும். அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் சிங்கப்பூரர் ஒருவர் செலுத்தும் மாதக் கட்டணம் அதிகபட்சம் 25 வெள்ளி. ஒரு மணி நேரம் கற்பிக்க நான் வாங்குவதே அதைவிடக் கூடுதல். வருமானத்தில் முதல் 20 விழுக்காட்டுக் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிடும் தொகை, கடைசி 20 விழுக்காட்டினர் செலவிடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பள்ளி எல்லாருக்கும் ஒரே கதவைத்தான் திறக்கிறது. ஆனால், பணம் உள்ளவர்கள் பக்கத்திலேயே இன்னொரு கதவையும் வைத்துக்கொள்கிறார்கள்.

நம் சமூகத்தில் சிண்டா நடத்தும் சலுகைக் கட்டணத் துணைப்பாட வகுப்புகள் இந்த இடைவெளியைக் குறைக்க முயல்கின்றன. வசதி குறைந்த மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்துவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

துணைப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் வரும் வருமானம் எனக்கும் உதவுகிறது. ஆனால், ஓர் ஆசிரியரைப் பணம் கொடுத்துத் தேடுவதற்குமுன், பள்ளியில் இருக்கும் ஆசிரியரிடம் வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் கேட்டுப் பார்ப்போம். எந்தப் பாடத்தில், எந்தப் பகுதி புரியவில்லை என்று எழுதிவைப்போம். அதன்பிறகும் தேவைப்பட்டால், அந்தப் பகுதிக்கு மட்டும் துணைப்பாடம் போதும். பாடம் நம்முடையது, துணை மட்டுமே வெளியிலிருந்து வர வேண்டும்.