நீரில் மறைந்த வறுமை

வறியோர் துயர்க்கு அவர்தம் சோம்பலே காரணம் என்பாருளர். அஃது ஆராயாதார் கூற்று. பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கல்லில் காவிரி பேரொலியுடன் வீழ்கின்றது; ஆயினும் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரார் பலர் நெடுங்காலம் நிலத்தடி நீரையே பருகி வந்தனர். அந்நீரைச் சோதித்த அறிஞர், பாறையினின்று கரைந்த புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பைப் பல இடங்களில் கடந்திருத்தலைக் கண்டனர். அது சிறுவர் பற்களைக் கறைப்படுத்தும். நாளடைவில் மூட்டுகளை இறுக்கி முதுகை வளைக்கும். கொதிக்க வைத்தாலும் நீங்காது. செல்வர் வேறு நீர் வாங்குவர்; கூலியே வாழ்வான குடும்பத்தில் உழைப்பவன் முதுகு வளைந்தால் அடுப்பு எரிவது எங்ஙனம்?

இவ்வுண்மை வெளிப்பட்டமையாலன்றோ, காவிரி நீரைக் குழாய்வழிக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றது! ஆராய்ச்சி அத்துடன் ஓய்தல் தகாது. கடைக்கோடி வீட்டிற்கு அந்நீர் வருகின்றதா, வாராத நாளில் அவ்வீட்டார் எதைப் பருகுகின்றனர் என்பதையும் நேரிற் சென்று கேட்டறிதல் வேண்டும்.